பழைய அவுட்போர்டு மோட்டார்: பிரிப்பதா, கொடுப்பதா, மாற்றுவதா?

தோட்டத்துச் சாளையில் கோணிச் சாக்கு போர்த்திக் கிடக்கும் பழைய அவுட்போர்டு மோட்டாரை, அதாவது படகின் பின்னால் மாட்டி ஓட்டும் மோட்டாரை, என்ன செய்வது? கடலே இல்லாத கொங்கு நாட்டில் இப்படியொரு கேள்வியா என்று தோன்றலாம். ஆனால் மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை எனக் கதவணைக்குக் கதவணை காவிரி தேங்கி நிற்கிறது. பூலாம்பட்டிக்கும் நெரிஞ்சிப்பேட்டைக்கும் இடையே மோட்டார் படகு ஆள் ஏற்றி இறக்குகிறது. மீன் குத்தகை எடுத்தவர்கள், ஆற்றோரம் தோட்டம் வைத்திருப்பவர்கள் கைக்கு நாகப்பட்டினத்திலிருந்தோ கொச்சியிலிருந்தோ ஒரு பழைய மோட்டார் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுகிறது. வாங்கிக் கொடுத்த தரகர் "ஓடிட்டிருந்த மோட்டாருங்க, ரெண்டு வருசமாச் சும்மா கெடக்குது, அவ்வளவுதான்" என்பார். கயிற்றை இழுத்தால் ஓடாது.

அப்புறம் ஆளுக்கொரு ரோசனை. "நீயே பிரிச்சுப் பாரு" என்பார் ஒருவர். "ஆர்எக்ஸ் வண்டி மெக்கானிக்கிட்டக் குடு, டூ-ஸ்ட்ரோக்தானே" என்பார் இன்னொருவர். கொச்சிக்கு அனுப்பச் சொல்வார் மூன்றாமவர். பழைய இரும்புக்கு எடை போடச் சொல்ல எப்போதும் ஒருவர் இருப்பார். நாலு பேர் சொல்வதும் சரிதான், நாலு வேறு வேறு இன்ஜின்களுக்கு. உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள அரை நாள் சோதனை போதும். அதைச் செய்யாமல் எந்த வழியைப் பிடித்தாலும் காசு போகும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முக்கியமான அளவுகோல் ஆறு. முதல் நான்கை இன்ஜின் சொல்லும், கடைசி இரண்டை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். வருடக்கணக்கில் கிடந்த இன்ஜினை எடுத்த எடுப்பில் கயிறு போட்டு இழுக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 10 மில்லி டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். காலையில் பிளைவீலைக் கையால் வலஞ்சுழியாக மட்டும் சுற்றுங்கள். இடப்பக்கம் திருப்பினால் கீழே இருக்கும் வாட்டர் பம்ப்பின் ரப்பர் இதழ் மடங்கி ஒடியும். தடையில்லாமல் சுற்றினால் கம்ப்ரஷன் கேஜை பிளக் துளையில் மாட்டி, பிளக் ஒயர்களை இன்ஜின் உடம்பில் எர்த் செய்து, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, முள் ஏறாமல் நிற்கும்வரை ஐந்தாறு முறை வலுவாக இழுங்கள்.

1970க்குப் பிந்தைய சிறிய இரட்டை சிலிண்டர் மோட்டாரில் 90 முதல் 120 பி.எஸ்.ஐ. வந்தால் ஆள் உயிரோடிருக்கிறார். நம்மூர்க் கடையில் வாங்கும் கேஜ் கிலோ கணக்கில் காட்டினால் 7 கிலோ என்பது ஏறக்குறைய 100 பி.எஸ்.ஐ. 1950, 60களின் மோட்டார்கள் குறைந்த கம்ப்ரஷனுக்கே செய்யப்பட்டவை; அவற்றில் 70 வந்தாலே ஓடும். எண்ணைவிடச் சமம்தான் முக்கியம். இரண்டு சிலிண்டருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இரண்டும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்தால் இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் ஊதிப் போயிருக்க வாய்ப்புண்டு, அது சின்ன வேலை. ஒன்று 100, மற்றது 40 என்றால் பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம், போரில் (சிலிண்டரின் உள்சுவரில்) கோடு விழுந்திருக்கலாம். அது பெரிய வேலையாக முடியும்.

ஸ்பார்க். பிளக்கை ஹெட்டில் சாய்த்து வைத்துப் பொறி பார்ப்பது பாதி உண்மைதான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்பார்க் டெஸ்டரை 6 மில்லிமீட்டர் இடைவெளிக்கு வைத்து, நீலமாக, சத்தத்தோடு தாவுகிறதா என்று பாருங்கள். தாவவில்லையென்றால் பொறி தரும் இக்னிஷன் காயில் வாங்க ஓடுவதற்கு முன் நிறுத்தும் பட்டனின் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி இழுங்கள். பட்டனுக்குள் துரு ஏறி எர்த் ஆகிக் கிடக்க, நல்ல காயிலைத் தூக்கிப் போடுகிற வேலை எல்லா ஊரிலும் நடக்கிறது.

கியர் ஆயில். கீழ்ப்பெட்டியின் (புரொப்பல்லர் இருக்கும் கியர் பெட்டியின்) அடி ஸ்குரூவைத் திறந்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வடியுங்கள். கறுப்பாகவோ தேன் நிறமாகவோ வந்தால் சரி. மோர் மாதிரி வந்தால் ஆயில் சீல் போய்த் தண்ணீர் உள்ளே போகிறது. முதலில் தெளிந்த தண்ணீர் கொட்டி, பிறகு ஆயில் வந்தால் அது பல மாதமாக அங்கேயே நின்ற தண்ணீர், பேரிங் துருப்பிடித்திருக்கும். விரலில் தேய்த்தால் மின்னும் தூள் கொஞ்சம் இருக்கலாம். நகத்தில் மாட்டும் சில்லு இருந்தால் கியர் பல் உடைந்திருக்கிறது.

பெயர்த் தகடு. இது இல்லாமல் உதிரி தேடுவது இருட்டில் துழாவுவது. படகில் மாட்டும் பிராக்கெட்டின் பக்கவாட்டில் மாடல் எண் இருக்கும். ஜான்சன், எவின்ரூடு மோட்டாராக இருந்து தகடு போயிருந்தால், பவர்ஹெட்டின் (மேலே இருக்கும் இன்ஜின் பகுதியின்) மேற்பக்கம் நாணயம் போலிருக்கும் வட்ட அடைப்பில் தேடுங்கள். 1980 முதல் அந்தக் கம்பெனி வருடத்தை எழுத்தில் ஒளித்து வைத்தது. 'இன்ட்ரொடியூசஸ்' (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லின் பத்து எழுத்துக்கும் வரிசையாக 1 முதல் 9, கடைசிக்கு 0. மாடல் எண்ணின் இறுதிப் பகுதியில் 'சி', 'யூ' என்று இரண்டு எழுத்து வந்தால் எட்டும் ஏழும், அதாவது 1987.

தயாரித்தவர் யார் என்பது செலவைப் பாதி தீர்மானித்துவிடும். ஜான்சனும் எவின்ரூடும் செய்த தாய்க் கம்பெனி 2000 டிசம்பரில் திவாலானது. வேறு கைக்கு மாறிய எவின்ரூடு உற்பத்தியும் 2020இல் நின்றது. உதிரி இன்னும் கிடைக்கிறது, ஆனால் வெளிநாட்டிலிருந்து, தபால் செலவும் சுங்கமும் சேர்த்து. போல்ட், சீல், பேரிங் எல்லாம் அங்குல அளவு. யமஹா, சுசுகி போன்ற ஜப்பான் மோட்டாராக இருந்தால் மில்லிமீட்டர் அளவு. கோவை பேரிங் கடைகளில் சீலின் மேல் அச்சிட்ட எண்ணைச் சொன்னாலே எடுத்து வைத்துவிடுவார்கள்.

எதற்கு ஓட்டப் போகிறீர்கள். குட்டையில் தீவனம் போடவா, கதவணைத் தேக்கத்தில் வலை வைக்கவா, பிழைப்புக்குத் தினமும் ஆள் ஏற்றவா?

கையும் நேரமும். சாக்கெட் செட், ஃபீலர் கேஜ், பொறுமை. மூன்றாவதைக் கடையில் விற்பதில்லை.

## வழி ஒன்று: நாமே பிரிப்பது

கம்ப்ரஷன் சமமாக இருந்து ஸ்பார்க்கும் இருந்தால் வெசனப்படவே வேண்டாம், இந்த வழிதான். ஆயில் கலந்த பெட்ரோல் ஐந்து மில்லியைப் பிளக் துளையில் விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு விநாடி உறுமி நின்றால் இன்ஜின் நல்லது, பெட்ரோல்தான் வந்து சேரவில்லை. கிடந்து போன மோட்டார்களில் அடிக்கடி பார்ப்பது இந்தக் கோளாறைத்தான்.

பெட்ரோல் வழியைத் தொட்டியிலிருந்து தொடங்கிப் பாருங்கள், கார்புரேட்டரிலிருந்து அல்ல. குழாயின் நடுவில் இருக்கும் கைப்பம்ப் பந்து ஓடும்போது சப்பையாக ஒட்டிக்கொண்டால் தொட்டிப் பக்கம் அடைப்பு, அல்லது மூடியின் காற்றுத் துளையைத் திறக்கவில்லை. பந்தை அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் ஓடுகிறதென்றால் இன்ஜினில் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் ஜவ்வு கிழிந்திருக்கிறது. பந்து எவ்வளவு அமுக்கினாலும் கெட்டியாகாவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது, பெரும்பாலும் கனெக்டரின் ஓ-ரிங். பழைய ரப்பர் குழாயை யோசிக்காமல் முழுக்க மாற்றுங்கள். இப்போது பம்ப்பில் கிடைக்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளுக்குள் உரித்துவிடும். அந்தக் கறுப்புத் தூள்தான் நீங்கள் கழுவி வைத்த ஜெட்டை இரண்டாம் நாளே அடைக்கும்.

கார்புரேட்டரைக் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். ஸ்லோ ஸ்குரூவை (குறைந்த வேகத்துக்கான கலவை ஸ்குரூவை) மெதுவாக மூடும்வரை திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வைத்துக்கொண்டு பிறகு கழற்றுங்கள். எண்ண மறந்தால் மூடிய நிலையிலிருந்து ஒன்றரைச் சுற்றில் தொடங்கலாம். ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள். பித்தளைத் துளை ஒரு இழை பெரிதானாலும் கலவை கெட்டுவிடும். கார்ப் கிளீனர் அடித்து, தூண்டில் நரம்பு ஒரு துண்டை உள்ளே விட்டு இழுத்தால் போதும். ஜெட்டைப் பகலில் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை மாதிரி தெரிந்தால் இன்னும் அழுக்கு இருக்கிறது. மிதவை கார்க்கில் செய்ததாக இருந்தால் அதன் பழைய வார்னிஷை எத்தனால் கரைத்துவிடும். பெட்ரோல் குடித்த கார்க் மூழ்கி, கார்புரேட்டர் வழிந்துகொண்டே இருக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சுற்றிலும் சூப்பர் குளூவை மெல்லப் பூசி ஆறவிட்டால் தாங்கும்.

அடுத்தது வாட்டர் பம்ப் இம்பெல்லர், அதாவது தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரம். எப்போது மாற்றியது என்று தெரியாத இம்பெல்லர் கெட்டுப்போன இம்பெல்லர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழ்ப்பெட்டியைப் பிடித்திருக்கும் நாலு அல்லது ஆறு போல்ட்டைக் கழற்றி இறக்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். போல்ட்டெல்லாம் கழற்றியும் பெட்டி ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லையென்றால் கியர் மாற்றும் கம்பி இன்னும் பிணைந்திருக்கிறது. கால் பகுதியின் பக்கவாட்டிலோ, கேஸிங் இணையும் இடத்திலோ ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்து உள்ளே இருக்கும் கப்ளிங் போல்ட்டை எடுங்கள். சுத்தியலால் தட்டி இறக்கப் பார்த்துப் பிராக்கெட்டை உடைத்தவர்கள் உண்டு. புது இம்பெல்லருக்குச் சோப்புத் தண்ணீர் தடவி, தண்டை வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே கிண்ணத்துக்குள் இறக்குங்கள், இதழ்கள் தானாகச் சரியான பக்கம் மடியும். ஏற்றும்போது தண்டின் ஸ்ப்ளைனுக்கு (நுனியில் இருக்கும் வரிப்பல்லுக்கு) பக்கவாட்டில் கிரீஸ் போடுங்கள், நுனி மேல் வேண்டாம். அங்கே கிரீஸ் திரண்டால் தண்டு முழுதாக உட்காராது.

ஸ்பார்க் இல்லாத பழைய மேக்னட் மோட்டாரில் பிளைவீலுக்குக் கீழே பிளாட்டினம் பாயிண்ட் இருக்கும். மூன்று போல்ட் புல்லர் போட்டுத்தான் பிளைவீலைத் தூக்க வேண்டும். விளிம்பில் மாட்டி இழுக்கும் நக புல்லர் வளைத்துவிடும். நட்டைத் தண்டின் நுனிக்குச் சமமாக விட்டு வைத்தால் த்ரெட் பிழைக்கும். பாயிண்ட்டைத் துடைத்து இடைவெளி 0.5 மில்லிமீட்டர் வையுங்கள். துடைத்த பிறகு வெள்ளைத் தாளை நடுவில் விட்டு இழுங்கள், தாள் கறுக்காமல் வரும்வரை. விரல் எண்ணெய் ஒரு பொட்டு இருந்தாலும் பொறி வராது. காயில் வெடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

மறைந்திருக்கும் செலவு இந்த வழியில் பணமல்ல, போல்ட். கடலில் ஓடிய மோட்டாரின் அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் உப்போடு இறுகிக் கிடக்கும். ஒன்று ஒடிந்தால் ஒரு நாள் போச்சு. அலுமினியப் பக்கத்தை கேஸ் டார்ச்சால் சூடாக்குங்கள், போல்ட்டை அல்ல. அலுமினியம் அதிகம் விரியும், பிடி தளரும். சூட்டோடு மெழுகுவர்த்தியை போல்ட் தலையோரம் வைத்தால் உருகி உள்ளே இறங்கும். முன்னே கால் சுற்று, பின்னே கால் சுற்று என்று அசைத்து அசைத்துத்தான் எடுக்க வேண்டும். பெட்ரோல் தொட்டியையும் கார்புரேட்டரையும் அக்கட்டக் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் டார்ச்சைப் பற்றவைக்க வேண்டும்.

எங்கே நிறுத்திக்கொள்வது? ஹெட் வரை நீங்கள் போகலாம். ஹெட்டைக் கழற்றி, கண்ணாடித் தகட்டின் மேல் 320 உப்புத்தாளை ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்கிப் புது கேஸ்கெட் போடலாம். கிராங்க்கேஸின் (கிராங்க் தண்டை மூடியிருக்கும் கூட்டின்) இரண்டு பாதியைப் பிரிப்பது புதியவர் வேலையல்ல. அந்த இணைப்பில் பேக்கிங் தாள் கிடையாது, மெல்லிய சீலண்ட் மட்டும்தான். தாள் வெட்டிப் போட்டால் பேரிங் இடைவெளியே மாறிவிடும்.

## வழி இரண்டு: ஊர் டூ-ஸ்ட்ரோக் மெக்கானிக்கும் லேத் பட்டறையும்

யமஹா ஆர்எக்ஸ் நூறு பைக் 1985 முதல் 1996 வரைதான் இந்தியாவில் தயாரானது. ஆனால் கோபி, பவானி, திருச்செங்கோடு பக்கம் இன்றும் அதைக் காது வைத்துக் கேட்டே கோளாறு சொல்லும் கைகள் இருக்கின்றன. பிஸ்டன், ரிங், ரீட் வால்வ், கிராங்க் சீல், கார்புரேட்டர் — அவுட்போர்டின் பவர்ஹெட்டும் இதே சாமான்கள்தான். அதோடு கோவை, ஈரோடு லேத் பட்டறைகளின் கைத்திறனும் சேர்கிறது. ஒடிந்த போல்ட்டை எடுத்து ஹெலிகாயில் (த்ரெட்டுக்கான கம்பிச் சுருள்) போடுவது, புஷ் கடைவது, உடைந்த அலுமினிய பிராக்கெட்டை ஆர்கான் வெல்டிங் செய்வது இதெல்லாம் கடற்கரையைவிட இங்கேயே நன்றாக நடக்கும். ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைந்து, உதிரி கிடைக்கும் மாடலாகவும் இருந்தால் இந்த வழி சரி.

சிக்கல், அவருக்குத் தண்ணீர் தெரியாது. பைக் இன்ஜின் காற்றில் ஆறுகிறது. அதனால் நாலு விஷயத்தை நீங்களே எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். "அண்ணா, தண்ணியில வெக்காம ஸ்டார்ட் பண்ணிப் பாக்காதீங்க" என்பது முதலாவது. பட்டறை வாசலில் அரை நிமிடம் காய்ந்து ஓடினால் நீங்கள் போட்ட புது இம்பெல்லர் கருகும். இரண்டாவது, தண்ணீர் ஓடும் அறைகளில் உப்பும் வண்டலும் இறுகியிருக்கும், ஹெட் திறந்திருக்கும்போதே சுரண்டி எடுக்க வேண்டும். மூன்றாவது, கிராங்க்கேஸ் சீலண்ட் பற்றி மேலே சொன்னது. நான்காவது ஆயில். மோட்டார் படகுக்கு டி.சி.டபிள்யூ-3 (TC-W3) என்று முத்திரையிட்ட ஆயில்தான் வேண்டும். பைக் டூ-டி ஆயில் அதிகச் சூட்டில் ஓடும் இன்ஜினுக்கானது.

கலவை அளவும் பைக் கணக்கில் போகக் கூடாது. ஜான்சன், எவின்ரூடில் 1963 வரை வந்தவை 24க்கு 1, அதாவது லிட்டருக்கு 42 மில்லி. 1964 முதல் பெரும்பாலானவை 50க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. ஆனால் பேரிங்குக்குப் பதில் புஷ் வைத்த சின்ன மோட்டார்கள் அதற்குப் பிறகும் 24க்கு 1 தான். 50க்கு 1 மோட்டாரை ரீபோர் செய்து (சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி) புது ரிங் போட்டால் முதல் தொட்டிக்கு இரண்டு மடங்கு ஆயில்.

இங்கே மறைந்திருக்கும் செலவு போர். ஓவர்சைஸ் பிஸ்டன் கைக்கு வராமல் சிலிண்டரைப் போர் போடக் கொடுக்காதீர்கள். போர் போட்ட பிறகு பிஸ்டன் கிடைக்கவில்லையென்றால் அந்தப் பிளாக் காட்சிப் பொருள். "பைக் பிஸ்டனையே கடைஞ்சு போட்டறலாம்" என்ற யோசனை வந்தால் நன்றி சொல்லிவிட்டு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். போர்ட் உயரமும் ரிங் பின் இருக்கும் இடமும் பொருந்தாது.

## வழி மூன்று: கடற்கரை மெக்கானிக்

கியர் பெட்டியில் சில்லு வந்தால், அல்லது கோளாறு எதுவென்றே பிடிபடவில்லையென்றால் தினமும் இதையே பிரித்து மாட்டுகிறவரிடம் போவதுதான் கணக்கு. கியரை ஷிம் (மெல்லிய தகடு) வைத்துப் பொருத்துவது புத்தகம் படித்து வரும் கையல்ல. கோவையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சி சுமார் 190 கிலோமீட்டர். ஈரோடு, மேட்டூர்க்காரர்களுக்கும் நாகப்பட்டினத்தைவிட அது பெரிய தூரமில்லை. யமஹா, சுசுகி உதிரி அங்கே கையோடு கிடைக்கும். பழைய அமெரிக்க மோட்டாராக இருந்தால் அவர்களும் கையைப் பிசைவார்கள். அனுப்பும் முன் மாடல் எண்ணைப் போனில் சொல்லிக் கேளுங்கள். கிழக்குக் கடற்கரைக்கு அனுப்புவதானால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான மீன்பிடித் தடைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது, அப்போதுதான் படகு வேலையெல்லாம் குவிந்து கிடக்கும்.

போய்வரும் செலவு இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவையில் முடிவது அபூர்வம். பார்சலில் ஏற்றும் முன் பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். நேராக நிறுத்தித் தண்ணீர் வடியவிட்ட பிறகே சாய்த்து வையுங்கள். தலை தாழ்ந்து கால் உயர்ந்தபடி படுக்க வைத்தால் காலில் தேங்கிய தண்ணீர் புகைவழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும்.

இன்னொன்று. கடற்கரையில் மலிவாகக் கிடைக்கிறதென்று மண்ணெண்ணெய் மாடலைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றும் மோட்டார் அது, கம்ப்ரஷனும் குறைவு. நம் பக்கம் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது?

## வழி நான்கு: உதிரிக்காக இன்னொன்று

அதே மாடலில் இன்னொரு செத்த மோட்டாரை வாங்கி இரண்டையும் சேர்த்து ஒன்றாக்குவது. அமெரிக்க மோட்டார் வைத்திருப்பவருக்குச் சில சமயம் இதுதான் மலிவு. ஒன்றின் பவர்ஹெட் கெட்டு, மற்றதன் கியர் பெட்டி கெட்டிருந்தால் மட்டுமே பயன். இரண்டிலும் ஒரே பாகம் போயிருந்தால் சாளையில் கோணிச் சாக்கு இரண்டாகும், அவ்வளவுதான். வாங்கும் முன் மேலே சொன்ன சோதனையை அதற்கும் செய்யுங்கள்.

## வழி ஐந்து: இதை விட்டுவிட்டு வேறு

பழைய மோட்டார் மேல் பாசம் இல்லாதவர்கள், வேலை நடந்தால் போதும் என்பவர்கள் இங்கேயிருந்து தொடங்கலாம்.

நீண்ட தண்டு மோட்டார்: பம்ப்செட்டில் பார்க்கிற 6.5 ஹெச்.பி. காற்றில் ஆறும் பெட்ரோல் இன்ஜின்தான். அதன் தண்டில் நீளமான குழாய் பூட்டி நுனியில் புரொப்பல்லர். பாக் நீரிணைக் கரையில் டீசல் இன்ஜின் வைத்து இதே முறையில் ஓட்டுகிறார்கள். இம்பெல்லர் இல்லை, கியர் பெட்டி இல்லை, தண்ணீர் உள்ளே போகும் சீல் தொல்லை மிகக் குறைவு. உதிரி எந்தச் சந்தை ஊரிலும் கிடைக்கும். ஆகாயத்தாமரை மண்டிய இடத்திலும் முழங்கால் தண்ணீரிலும் அவுட்போர்டு திணறும் இடத்தில் இது ஓடும். கதவணைத் தேக்கத்தில் வலை வைப்பவருக்கு எங்கள் வாக்கு இதற்குத்தான். வேகம் வராது, சத்தம் காதைப் பிளக்கும், தண்டைத் தூக்கும்போது திறந்த புரொப்பல்லர் சுற்றுவது ஆபத்து.

மின்மோட்டார்: பண்ணைக் குட்டைக்கு நல்லது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரை 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் முழு வேகத்தில் ஓட்டினால், பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் வைப்பதற்கு ஒரு மணி நேரம்தான். அணையில் தண்ணீர் திறந்த நாளில் ஆற்றில் இதை நம்பி இறங்க வேண்டாம்.

புது ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டு: பிழைப்புக்கு ஆள் ஏற்றுகிறவர் இதைத் தவிர வேறு யோசிக்கக் கூடாது. வாங்கும்போது படகின் பின்பலகை உயரம் 15 அங்குலமா 20 அங்குலமா என்று அளந்துவிட்டுப் போங்கள். பரிசலில் எந்த அவுட்போர்டும் மாட்ட முடியாது, பின்பலகை வேண்டும்.

எந்த வழியானாலும் பொதுவான செலவு ஒன்று காகிதத்தில் இருக்கிறது. 2021ஆம் வருட உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரத்தில் ஓடும் கலத்துக்குப் பதிவும் தகுதிச் சான்றும் கேட்கிறது. அணைத் தேக்கங்களில் துறை அனுமதியும் வேண்டும். பவானிசாகர் தேக்கத்தின் மேல்பகுதி சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டியது. விசாரித்துவிட்டு மோட்டாரில் கை வையுங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எப்போது சரி | ஆகும் காலம் | மறைந்த செலவு |
|---|---|---|---|
| நாமே | கம்ப்ரஷன் சமம். கோளாறு பெட்ரோல், ஸ்பார்க், இம்பெல்லரில் | மூன்று நாலு ஞாயிற்றுக்கிழமை | ஒடியும் போல்ட், புல்லர் போன்ற கருவி |
| ஊர் மெக்கானிக், லேத் | ரிங், போர், கிராங்க் சீல், உடைந்த த்ரெட் | பிஸ்டன் வந்த பிறகு ஒரு வாரம் | காய்ந்து ஓட்டி இம்பெல்லர் போவது, கிடைக்காத பிஸ்டன் |
| கடற்கரை | கியர் சில்லு, பிடிபடாத கோளாறு, ஜப்பான் மோட்டார் | சில வாரம் | இரண்டு முறை பார்சல் |
| உதிரிக்கு இன்னொன்று | உதிரி வராத மாடல், வேறு வேறு பாகம் கெட்டவை | கிடைக்கும்போது | இரண்டிலும் ஒரே கோளாறு |
| வேறு மோட்டார் | தினசரி வேலை, ஆள் ஏற்றுவது, கம்ப்ரஷனும் கியரும் சேர்ந்தே போனது | உடனே | படகில் மாற்றம், பேட்டரி |

இரண்டு சிலிண்டரும் சரி, கியர் ஆயில் மட்டும் மோர் என்றால் எந்த வரியில் சேர்ப்பது என்று கேட்பீர்கள். ஜப்பான் மோட்டாராக இருந்தால் முதல் வரி. புரொப்பல்லர் தண்டின் ஆயில் சீலையும் ஸ்குரூ வாஷரையும் மாற்றி, அடித் துளை வழியே 90 நம்பர் மரைன் கியர் ஆயிலை மேல் துளையில் வழியும்வரை ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துப் பாதிதான் நிரம்பும். பத்து மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். மீண்டும் வெளுத்தால் தண்டிலேயே சீல் உரசிய பள்ளம் இருக்கிறது, லேத் பட்டறைக்குப் போக வேண்டியதுதான்.

## ஆற்றில் இறக்கும் முன்

யார் சரிசெய்து கொடுத்தாலும் முதல் ஓட்டம் டிரம்மில். 200 லிட்டர் டிரம்மின் மேல்மூடியை வெட்டி, திறந்த வெளியில் வைத்து, வாட்டர் பம்ப்புக்கு மேல் நாலு விரல் தண்ணீர் நிற்கும்படி நிரப்புங்கள். புரொப்பல்லரைக் கழற்றி வைத்துவிட்டு நியூட்ரலில், குறைந்த வேகத்தில் மட்டும் ஓட்டுங்கள். பாரமில்லாமல் முழு திராட்டில் கொடுத்தால் கனெக்டிங் ராடு வெளியே வந்து எட்டிப் பார்க்கும். பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் நூலாகப் பீச்ச வேண்டும். பழைய ஜான்சன், எவின்ரூடு சிலவற்றில் அந்தத் துளையே கிடையாது; பின்பக்கப் புகைத் துளையில் தண்ணீர் தூவானமாக வந்தாலே சரி. பத்து நிமிடம் கழித்து ஹெட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். வழிந்து ஓட வேண்டும். சீறினால் உடனே நிறுத்துங்கள்.

ஆற்றுக்குப் போகும்போது ஷியர் பின் (புரொப்பல்லரைத் தண்டோடு பிணைக்கும் பின்) நாலு, கட்டிங் பிளேயர், பிளக் ஸ்பேனர், துடுப்பு. காவிரிப் பாறையில் புரொப்பல்லர் மோதினால் ஒடிய வேண்டியது அந்தச் சின்னப் பின்தான். பின் தீர்ந்துவிட்டதென்று ஆணியை அடித்து ஓட்டினால் அடுத்த மோதலில் ஒடிவது கியர். முதல் நாள் ஓட்டத்தை நீரோட்டத்துக்கு எதிராகவே வைத்துக்கொள்ளுங்கள். நின்று போனால் ஆறே கிளம்பிய இடத்துப் பக்கம் கொண்டுவந்துவிடும். கதவணைக்கு மேற்பக்கம் ஓட்டுகிறவர்கள் மட்டும் நங்கூரமும் முப்பது அடிக் கயிறும் இல்லாமல் இறங்க வேண்டாம். அங்கே ஆறு கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் மதகு.